சிலிண்டர்ல கேஸ் இருக்கு... அடுப்பு ஏன் எரியல? - சித்தப்பாவின் வேனும் ஒரு மார்கழிக் காலையும்

ஊர்ப் பெயர் பண்ணைப்புரம் என்று சொன்னால் அலுவலகத்தில் அடுத்த கேள்வி இளையராஜாவைப் பற்றித்தான் வரும். அதில் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் ஊருக்குள்ளேயே இருப்பவர்களுக்குக் கார்த்திகை பிறந்ததும் கண்ணில் படுவது வேன்கள். தெற்கே கோம்பை, உத்தமபாளையம், கம்பம் வழியாக மலையேறினால் சபரிமலைப் பாதை. வடக்கே தேவாரம், போடி வழியாக மலையேறினால் மூணாறு. இரண்டுக்கும் நடுவில் நாங்கள். விடிய விடிய வேன் போகும், வேன் வரும்.

அந்த வேன்களில் பலவற்றின் பின்கதவைத் திறந்தால் ஒரே மாதிரியான காட்சிதான். அரிசி மூட்டை, எண்ணெய் கேன், அடுக்கிய குண்டான்கள், இரட்டை அடுப்பு, மூலையில் கயிற்றால் கட்டிய ஒரு கேஸ் சிலிண்டர்.

என் சித்தப்பாவின் வேனும் அப்படித்தான் இருந்தது.

'சமையலோட' டிரிப்

சித்தப்பாவுக்கு அது வெறும் வேன் இல்லை. கடன் வாங்கி வாங்கிய வண்டி. மற்ற டிரைவர்களைப்போல வாடகை மட்டும் பேசினால் தவணை கட்ட முடியாது என்று, 'சமையலோட டிரிப்' என்று போர்டு மாட்டிக்கொண்டார். 12 பேர் வந்தால் காலை டிபன், காபி, மதியச் சாப்பாடு எல்லாம் ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தி அவரே செய்து கொடுப்பார். கூடமாட சித்தி போவார். வெளியில் சாப்பிட்டால் வயிற்றுக்கு ஒத்துக்காது என்று நினைக்கும் குடும்பங்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள், பத்தியச் சாப்பாடு சாப்பிடும் பெரியவர்கள் எல்லாரும் அவரைத் தேடி வந்தார்கள். அவருடைய பிழைப்பே அந்த அடுப்பில்தான் இருந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

ஒரு மார்கழியில் நான் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்திக்குக் காய்ச்சல். சின்னமனூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று மூணாறு போக ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தது. "பாப்பா, நீ வர்றியா? வெங்காயம் உரிக்க, தட்டு எடுத்துவைக்க ஒரு ஆளு இருந்தாப் போதும்" என்றார் சித்தப்பா. மூணாறு என்றதும் கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் பிரச்னை இல்லை. போடிமெட்டு ஏறி, பூப்பாறையில் மதியச் சாப்பாடு. ராத்திரி ஒரு சின்ன லாட்ஜ். மறுநாள் விடியற்காலை தேவிகுளம் பக்கம், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஓர் அகலமான இடத்தில் வண்டியை ஓரம்கட்டினோம். சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் போர்வை போட்டும் பல் தந்தியடிக்கிற குளிர். அடுப்பை இறக்கி, சிலிண்டரை இறக்கி, ரெகுலேட்டரை மாட்டிப் பற்றவைத்தார் சித்தப்பா.

எரிந்தது. ஆனால் எரிந்த மாதிரியே இல்லை. இரண்டு பர்னரிலும் அரை விரல் உயரத்துக்கு நீலமாக ஒரு சுடர். ஒரு குண்டான் தண்ணீர் 20 நிமிஷமாகியும் சூடுகூட ஆகவில்லை. குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்க வெந்நீர் வேண்டும். பெரியவர் ஒருவர் சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு டிபனுக்காகக் காத்திருந்தார்.

ஆளுக்கொரு யோசனை

அடுப்பு எரியாத இடத்தில் யோசனைக்கு மட்டும் பஞ்சமே இருக்காது. ஐந்து நிமிஷத்துக்குள் நான்கு யோசனைகள் வந்துவிட்டன.

"சிலிண்டரைப் படுக்கப் போடுங்கண்ணே, கீழ கெடக்குற கேஸ் வந்துரும்."

"எங்க ஊரு டீக்கடையில அண்டாவுல கொதிக்கிற தண்ணிய ஊத்தி அதுக்குள்ள வைப்பாங்க. கும்முனு எரியும்."

"நல்லாக் குலுக்குங்க."

கடைசியாக வந்ததுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "காத்துதான் பிரச்னை. அடுப்பை வேனுக்குள்ள தூக்கிவச்சு, கதவைச் சாத்திட்டு ஒரு பத்து நிமிஷம் காபி மட்டும் போட்டுருவோம்."

சித்தப்பா அடுப்பைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். 'செய்யலாமோ' என்று அவர் முகத்தில் ஒரு நொடி ஓடியதை நான் பார்த்துவிட்டேன். அவரைக் குறை சொல்ல முடியாது. சமையலோட டிரிப் என்று சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார். 12 பேர் பசியோடு நிற்கிறார்கள்.

"வேண்டாம் சித்தப்பா. மதுரை ரயில் ஞாபகமிருக்கா?" என்றேன். அவருக்கு ஞாபகம் இருந்தது. எங்கள் பக்கத்தில் யாருக்கும் அது மறக்காது.

2023 ஆகஸ்ட் 26

அன்றைக்கு நான் டிஜிட்டல் டெஸ்க்கில் பயிற்சியில் இருந்தேன். லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்களின் தனிப் பெட்டி அது. நாகர்கோவிலில் புனலூர் - மதுரை எக்ஸ்பிரஸில் இணைக்கப்பட்டு அதிகாலையில் மதுரை வந்தது. அங்கே ரயிலிலிருந்து கழற்றித் தனியாக நிறுத்தியிருந்தார்கள். காலை சுமார் 5.15 மணிக்குப் பெட்டியில் தீப்பிடித்தது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டரை வைத்து டீ, காபி போட முயன்றதே காரணம் என்று ரயில்வே சொன்னது. 9 பேர் இறந்தார்கள்.

செய்தியில் இறந்தவர்களின் எண்ணிக்கையைத் திருத்தித் திருத்திப் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் எண்ணை மாற்றும்போது, அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் எதற்கு அடுப்பு பற்றவைத்தார்கள் என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கிளாஸ் டீ. அவ்வளவுதான்.

ரயிலில் தீப்பற்றக்கூடிய பொருளைக் கொண்டுபோவது 1989-ம் வருட ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி 3 வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் சட்டத்தைவிட எனக்குப் பயமாக இருப்பது கேஸின் குணம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது; ஏறக்குறைய ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடாது. தண்ணீர் மாதிரி கீழே இறங்கித் தரையில் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவிகிதம் கலந்தாலே ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். வேனின் தரையில் சீட்டுக்கு அடியில் தேங்கினால், ஏறும்போது யாராவது லைட் சுவிட்சைத் தட்டினாலே போதும்.

கேஸ் கசியவே இல்லை என்றாலும் ஆபத்து உண்டு. கதவைச் சாத்திய வேனுக்குள் அடுப்பு எரிந்தால் ஆக்ஸிஜன் குறையும், கார்பன் மோனாக்ஸைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

இதையெல்லாம் அங்கே விளக்கமாகச் சொல்ல நேரமில்லை. "வேனுக்குள்ள மட்டும் வேண்டாம் சித்தப்பா" என்று மறுபடியும் சொன்னேன். அவர் தலையசைத்தார். "சரி பாப்பா. அப்ப என்ன பிரச்னைனு பாப்போம்."

ஒரு பர்னரா, ரெண்டுமா?

கொஞ்ச நாளைக்கு முன்பு, கேஸ் அடுப்பு பழுதுபார்க்கும் ஓர் அண்ணனை வைத்து எங்கள் தளத்துக்கு ஒரு வீடியோ எடுத்திருந்தேன். அவர் சொன்ன முதல் விஷயமே ரொம்ப எளிமையானது. ஒரு பர்னரில் மட்டும் தீ குறைந்தால் கோளாறு அடுப்பில் இருக்கிறது. இரண்டு பர்னரிலும் ஒரே மாதிரி குறைந்தால், அடுப்பை விட்டுவிட்டுப் பின்னால் போக வேண்டும்: டியூப், ரெகுலேட்டர், சிலிண்டர்.

ஒரு பர்னர் மட்டும் என்றால் பெரும்பாலும் ஜெட் அடைத்திருக்கும். ஜெட் என்பது கேஸ் வெளிவரும் ஊசித்துளை. வேனில் போகிற அடுப்புக்கு ரோட்டுப் புழுதியே போதும், அது அடைத்துக்கொள்ள. சும்மா கிடந்த அடுப்பின் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டுவதும் உண்டு. பொங்கி வழிந்த கஞ்சி பர்னர் துளைகளை மூடியிருக்கலாம். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால், கேஸோடு காற்று சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம்.

எங்களுக்கு இரண்டு பர்னரிலும் ஒரே மாதிரி குறைவு. தீ நீலமாகத்தான் இருந்தது. ஆகவே அடுப்பு இல்லை.

அடுத்தது டியூப். எங்காவது மடங்கியிருக்கிறதா, குண்டானுக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா என்று சித்தப்பா முழுநீளத்துக்கும் கையால் தடவிப் பார்த்தார். இல்லை. ரெகுலேட்டரைக் கழற்றி மறுபடி மாட்டினார். 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. அப்புறமும் அதே தீ.

மிச்சம் இருந்தது சிலிண்டர். அது 5 கிலோ சிலிண்டர். வீட்டு சிலிண்டரைவிடச் சின்னது. முகவரிச் சான்று இல்லாமலே அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். வெளியூரில் தங்கி வேலை செய்கிறவர்களுக்காக 2013-ல் கொண்டுவந்த திட்டம். 'கேஸ் தீர்ந்துபோச்சு' என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். குலுக்கிப் பார்த்தவருக்கும் சரியாகத் தெரியவில்லை.

அப்போதுதான் சித்தப்பாவுக்கு ஒன்று தோன்றியது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை ஏற்றாத வண்டி எது? சீசனில் அவரும் கூடை ஏற்றுவார். டூல்ஸ் பெட்டியில் கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசு கிடந்தது. சிலிண்டரை அதில் மாட்டித் தூக்கினார். சிலிண்டரின் கைப்பிடி வளையத்துக்குக் கீழே வெறும் சிலிண்டரின் எடை எழுதியிருக்கும். மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் உள்ளே இருக்கும் கேஸ். கழித்தோம். ஏறக்குறைய ஒன்றரை கிலோ.

கேஸ் இருக்கிறது. ஆனால் வரவில்லை.

குளிரில் கேஸுக்கு என்ன ஆகும்?

சிலிண்டரின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ்க்ரீம் டப்பா மாதிரி ஜில்லென்று இருந்தது. அடியிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு வெளிப்பக்கம் முழுக்க வியர்த்து நீர் கோத்திருந்தது. அதற்கு மேலே காய்ந்த இரும்பு. அந்தக் கோடுதான் உள்ளே திரவம் நிற்கும் மட்டம்.

சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பகுதி திரவம். புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டின் கலவை. நாம் அடுப்பைத் திறக்கும்போது அந்தத் திரவம் கொதித்து வாயுவாகி வெளியே வருகிறது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். பியூட்டேன் கிட்டத்தட்ட பூஜ்யம் டிகிரியில்தான் கொதிக்க ஆரம்பிக்கும். அதனால் குளிர் கூடக்கூட உள்ளே அழுத்தம் குறையும். பியூட்டேன் சோம்பிப் படுத்துக்கொள்ளும். புரொப்பேன் முந்திக்கொண்டு போய்விடுவதால், சிலிண்டர் தீரப்போகும் நேரத்தில் பியூட்டேனின் பங்குதான் அதிகம் மிஞ்சியிருக்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். குளித்துவிட்டு ஈரத்தோடு நின்றால் நமக்குக் குளிர்கிறதே, அதே கதைதான். கேஸ் ஆவியாகும்போது சிலிண்டரிலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஊரில் வெயில் அந்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். மார்கழி விடியலில் தேவிகுளத்தில் கொடுக்க ஆளில்லை. சின்ன சிலிண்டர், உள்ளே கொஞ்சம் திரவம், வெளியே குளிர், மேலே இரண்டு பர்னரும் முழுசாகத் திறந்திருக்கிறது. எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு குளிர்கிறது; குளிரக் குளிர இன்னும் குறைவாக வருகிறது.

முதல் நாள் பூப்பாறையில் மதிய வெயிலில் நன்றாக எரிந்த அதே சிலிண்டர் விடியலில் சண்டித்தனம் செய்ததற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் அந்த டீக்கடை யோசனை சரிதானே என்று கேட்கலாம். வெப்பம் கொடுத்தால் கேஸ் வரும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு கொடுக்கிறோம் என்பது நம் கையில் இல்லை. கொதிக்கிற தண்ணீரில் வைத்தால் உள்ளே அழுத்தம் எகிறும். நிறைந்த சிலிண்டர் என்றால் திரவம் விரிய இடமே இருக்காது. சிலிண்டரின் கீழே நெருப்புக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பெயர் வெடிகுண்டுக்குத் திரி கிள்ளுவது.

படுக்கப் போடுவது அதைவிட மோசம். நின்றால் மேலே இருக்கும் வாயு மட்டும் ரெகுலேட்டருக்கு வரும். படுத்தால் திரவமே வந்துவிடும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாகும். ஒரு சொம்புத் தண்ணீர் எதிர்பார்த்த இடத்தில் ஒரு தொட்டித் தண்ணீர் வந்து விழுகிற மாதிரி, அடுப்பில் தீ சீறும்.

செய்யக்கூடியது ஒன்றுதான். ஒரு பர்னரை அணைத்துவிட்டு, மற்றதைச் சிம்மில் வைத்து, வெயில் ஏறும்வரை பொறுமையாக இருப்பது. பால் பவுடருக்கு மட்டும் வெந்நீர் வைத்துவிடலாம் என்று சித்தப்பா ஒரு பர்னரை அணைத்தார். கொஞ்ச நேரத்தில் தீ லேசாக உயர்ந்தது. எல்லாருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதி இரண்டு நிமிஷம்கூட நீடிக்கவில்லை.

சோப்பு நுரை

குழந்தையின் அம்மாதான் முதலில் சொன்னார். "அக்கா, ஏதோ வாடை அடிக்குதே?"

சமையல் கேஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி அடிக்கும் அந்த வாடை, கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற ரசாயனத்தைக் கலப்பதால் வருவது. அதுவரை நாங்கள் அடுப்பை நோக்கிக் குனிந்தே நின்றிருந்தோம். காற்று திசை மாறியதும் சிலிண்டர் பக்கத்திலிருந்து வாடை வந்தது.

சித்தப்பா உடனே ரெகுலேட்டரை மூடினார். தீ அணைந்தது. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். வாடை முழுசாகக் கலைந்த பிறகு, பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, ரெகுலேட்டரும் சிலிண்டரும் சேரும் இடத்தில் தடவினேன். அடுப்பைப் பற்றவைக்காமல், ரெகுலேட்டரை மட்டும் அவர் ஒரு நொடி திறந்தார். சேரும் இடத்தில் சின்னச் சின்னதாக நுரை எழும்பியது. உடனே மூடினார். (தீக்குச்சியைக் காட்டிக் கசிவு பார்க்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.)

ரெகுலேட்டரைக் கழற்றி வால்வுக்குள் பார்த்தோம். உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் வாஷரின் ஒரு பக்கம் வெடித்திருந்தது. சின்ன மோதிர அளவுகூட இருக்காது. விலையும் பெரிதில்லை. வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் கேஸைத் தடுத்து நிறுத்துவது அது ஒன்றுதான்.

அங்கே நின்றபோது எனக்கு உள்ளங்கை வியர்த்தது. குளிரால் தீ குறையாமல் இருந்திருந்தால் நாங்கள் இவ்வளவு நேரம் சிலிண்டர் பக்கத்தில் நின்றிருக்கவே மாட்டோம். காற்றைக் காரணம் காட்டி அடுப்பை வேனுக்குள் தூக்கி, கதவையும் சாத்தியிருந்தால், இந்தக் கசிவு முழுக்க வேனின் தரையில் தேங்கியிருக்கும்.

அப்போதும் ஒரு யோசனை வந்தது. "ஒரு துணியைச் சுத்தி இறுக்கி மாட்டுனா காபி வரைக்கும் தாங்கும்ணே."

சித்தப்பா சிரித்தார். வால்வில் மூடியைப் போட்டு அழுத்தினார். சிலிண்டரை வண்டியைவிட்டுத் தள்ளி, திறந்த வெளியில் நிறுத்தினார். "காபி நான் வாங்கித் தாரேன். வாங்க, முன்னாடி ஒரு கடை இருக்கு."

அந்தக் காலை டிபனின் விலை

ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு டீக்கடை. கடைக்காரர் சேட்டன் முதலில் குழந்தைக்கு வெந்நீர் கொடுத்தார். அப்புறம் எல்லாருக்கும் கட்டன் சாயா, புட்டு, கடலைக்கறி. 'வெளியில் சாப்பிடவே மாட்டேன்' என்றிருந்த பெரியவர் இரண்டு முறை கடலைக்கறி வாங்கினார். எல்லாருக்கும் சித்தப்பாதான் காசு கொடுத்தார். அன்றைக்கு மதியமும் ஹோட்டல்தான். சிலிண்டரை மறுபடி ஆட்கள் இருக்கும் வேனில் ஏற்ற அவருக்கு மனசு வரவில்லை. மலையிறங்கிக்கொண்டிருந்த தெரிந்த சரக்கு வண்டி ஒன்றில், திறந்த பின்பக்கத்தில் நிற்கவைத்துக் கட்டி அனுப்பினார்.

திரும்பும்போது போடிமெட்டில் வண்டியை நிறுத்திக் கணக்குப் பார்த்தார். அந்த டிரிப்பில் டீசல் போகக் கையில் எதுவும் மிஞ்சவில்லை. அவர் அதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டு, "வெளிநாட்டுல வண்டியிலயே வீடு கட்டிட்டுப் போறாங்களே, அவங்க எங்க பாப்பா சிலிண்டரை வைப்பாங்க?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஊருக்கு வந்ததும் படித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீடுகளில் அடுப்பு, ஹீட்டர், பல வண்டிகளில் ஃப்ரிட்ஜ்கூட புரொப்பேனில் ஓடும். ஆனால் சிலிண்டர் ஆட்கள் இருக்கும் அறைக்குள் இருக்காது. வண்டியை இழுக்கும் கொக்கிக்குப் பக்கத்தில், வெளியே, திறந்த காற்றில் பூட்டியிருப்பார்கள். உள்ளே கசிவைக் காட்டும் அலாரத்தைக் கூரையில் இல்லாமல் தரையை ஒட்டி மாட்டுவார்கள். கேஸ் கீழேதான் வரும் என்பதால். பிரிட்டனில் கேரவன்காரர்கள் கோடையில் பியூட்டேன் சிலிண்டரும், குளிர்காலத்தில் புரொப்பேன் சிலிண்டரும் மாற்றி வாங்குவது வழக்கம். தேவிகுளத்தில் எங்களைப் படுத்திய அதே பூஜ்யம் டிகிரி கணக்குதான்.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று தோன்றலாம். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்து, குமுளிக்கு அந்தப் பக்கம் வாகமனில் கேரவன் பூங்காவே வந்துவிட்டது. தங்குவதற்கென்றே கட்டிய அந்த வண்டிகள் வேறு. நம் ஊர் வேன்கள் சீட்டு போட்டு ஆட்களை ஏற்றுவதற்காகக் கட்டியவை. சிலிண்டருக்கென்று அதில் ஓர் இடம் கிடையாது. கயிறு கட்டிய மூலை ஒருபோதும் அந்த இடமாகாது.

சித்தப்பா எடுத்த முடிவு

ஊருக்கு வந்த மறுநாள் ஏஜென்சி மெக்கானிக் வந்து பார்த்தார். வாஷரை மாற்றினார். ஆரஞ்சு நிற டியூபைத் திருப்பி, அதில் அச்சடித்திருந்த வருடத்தைக் காட்டினார். 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய டியூப் அது, கெடு தாண்டியிருந்தது. சிலிண்டர் வளையத்தின் உள்பக்கம் எழுதியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். 'டி-28' என்று இருந்தால் 2028 டிசம்பருக்குள் அந்த சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும். தேதி தாண்டியதை வாங்கவே கூடாது.

எல்லாம் சரியானதும் சிலிண்டர் மறுபடி வேனில் ஏறும் என்று நினைத்தேன். ஏறவில்லை. சித்தப்பா அதை வீட்டுக் கொல்லையில் வைத்துவிட்டார். 'சமையலோட டிரிப்' போர்டும் இறங்கியது. இப்போது முதல் நாளுக்குப் புளியோதரை, எலுமிச்சை சாதம், சப்பாத்தி எல்லாம் சித்தி வீட்டிலேயே கட்டிக்கொடுக்கிறார். இரண்டு பெரிய பிளாஸ்க் நிறைய வெந்நீர். தங்கும் இடத்தில் கரண்ட் கெட்டில். மற்ற வேளைக்கு, எந்தக் கடையில் எது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் என்று அவரே ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். 30, 40 பேராகச் சபரிமலைக்குச் சமைத்துச் சாப்பிட்டுப் போகிறவர்கள் கேட்டால், வணிக சிலிண்டரோடு சமையல் சாமானுக்குத் தனியாக ஒரு சரக்கு வண்டி பேசிக்கொள்ளச் சொல்கிறார்.

வருமானம் குறைந்தது உண்மை. வருடா வருடம் வந்த இரண்டு குழுக்கள் வேறு வேனுக்குப் போய்விட்டன. தவணை கட்டும் வாரத்தில் சித்தியும் அவரும் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்வது எனக்குக் கேட்கும். ஆனால் சின்னமனூர்க் குடும்பம் அடுத்த லீவுக்கும் அவரைத்தான் கூப்பிட்டது.

நீங்களும் இந்த வரிசையில் பாருங்க

வேனோ, தள்ளுவண்டிக் கடையோ, வீட்டு மொட்டைமாடியோ, கேஸ் அடுப்பு சரியாக எரியவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

1. முதலில் மூக்கு. வாடை அடித்தால் மற்ற சோதனை எதுவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், ஜன்னல், கதவைத் திறங்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவு அவசரத்துக்கென்றே 24 மணி நேரமும் இயங்கும் எண் அது.

2. வாடை இல்லையா? ஒரு பர்னரா, எல்லா பர்னருமா என்று பாருங்கள். ஒன்று என்றால் ஜெட்டும் பர்னர் துளையும். எல்லாம் என்றால் அடுப்புக்குப் பின்னால் போங்கள்.

3. டியூப் மடங்கி, நசுங்கி இருக்கிறதா? கெடு தாண்டிவிட்டதா? ரெகுலேட்டர் 'க்ளிக்' என்று உட்கார்ந்ததா?

4. குலுக்காதீர்கள், எடை போடுங்கள். மொத்த எடையில் வெறும் சிலிண்டர் எடையைக் கழியுங்கள்.

5. கேஸ் இருந்தும் வரவில்லை, சிலிண்டர் வியர்த்திருக்கிறது என்றால் குளிர்தான் காரணம். ஒரு பர்னரை அணையுங்கள், காத்திருங்கள். படுக்கப்போடுவது, கொதிக்கும் தண்ணீர், நெருப்பு மூன்றும் கூடாது.

6. வீட்டு சிலிண்டரிலிருந்து சின்ன சிலிண்டருக்குக் கேஸ் மாற்றித் தரும் கடைகளுக்குப் போகாதீர்கள். அது சட்டப்படி குற்றம். சோதனை செய்யாத அந்தச் சின்ன சிலிண்டர் எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இந்த வரிசையை ஒரு அட்டையில் எழுதி சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதை வேனில் ஒட்டவில்லை. ஊர் வேன் ஸ்டாண்டில், எல்லா டிரைவர்களும் டீ குடிக்கும் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அடியில் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'அவசரமா பசிச்சா கடையில சாப்பிடுங்க.'